ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகள் தொகுதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டன் நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபையில் 650 இடங்கள் இருக்கின்றன. அவற்றில் மிகக் குறைந்த வாக்காளர்களைக் கொண்ட தொகுதி, ஸ்காட்லாந்தின் வடமேற்கே அட்லாண்டிக் கடலோரம் இருக்கும் ஒரு தீவுச் சங்கிலி. தேர்தல் இரவில் அதன் பெயர் தொலைக்காட்சியில் சில நொடி வந்து போகும், அவ்வளவுதான். ஆனால் அதன் வரலாறு அப்படிச் சில நொடியில் முடிகிற வரலாறு இல்லை. நிலம் யார் கையில் இருந்தது, ஓட்டு யார் கையில் இருந்தது என்ற இரண்டும் இவ்வளவு தெளிவாகப் பின்னிக் கிடக்கும் தொகுதியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதனால்தான் வழக்கமாக எழும் கேள்விகளை ஒரே இடத்தில் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

இந்தத் தொகுதி எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரியது?

வடக்கே லூயிஸ், அதோடு நிலத்தொடர்பாகவே ஹாரிஸ், அதற்குக் கீழே வடக்கு யூயிஸ்ட், பென்பெகுலா, தெற்கு யூயிஸ்ட், கடைசியில் பாரா. வடகோடியிலிருந்து தென்கோடிவரை ஏறக்குறைய 210 கிலோமீட்டர். ஸ்டோர்னோவே ஒன்றுதான் பட்டணம் என்று சொல்லும்படியான ஊர். அங்கிருந்து பாராவுக்குச் சாலை வழியே போகிறவர் நடுவில் இரண்டு முறை படகில் ஏறி இறங்க வேண்டும். பாராவில் விமான நிலையமும் உண்டு. அதன் ஓடுபாதை கடற்கரை மணல்தான். அலை வற்றும் நேரத்தைப் பார்த்துத்தான் விமான அட்டவணையே போடுகிறார்கள்.

இன்றைய மக்கள்தொகை சுமார் 26,000. வாக்காளர்கள் ஏறத்தாழ 21,000. நூறாண்டுக்கு முன், 1911 கணக்கெடுப்பில், 46,000-க்கும் மேற்பட்டவர்கள் இங்கே வாழ்ந்தார்கள். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே நடந்ததுதான் இந்தத் தொகுதியின் அரசியல்.

1918-க்கு முன்னால் இவர்களுக்கு எம்.பி. இருந்தாரா?

இருந்தார். ஆனால் தீவுகளுக்கென்று ஒருவர் இல்லை. லூயிஸ், ராஸ் அண்ட் குரோமார்ட்டி மாவட்டத்தின் பகுதி. ஹாரிஸ் தொடங்கி பாரா வரையான தெற்குத் தீவுகள் இன்வர்னஸ் மாவட்டத்தின் பகுதி. இரண்டு மாவட்டங்களின் தலைமையிடமும் கடலுக்கு அந்தப் பக்கம், அதிலும் ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில். லூயிஸும் ஹாரிஸும் ஒரே நிலத்தின் இரண்டு பாதிகள் என்பதை மாவட்ட எல்லை கண்டுகொள்ளவே இல்லை.

ஓட்டுரிமை இன்னும் மோசம். 1832 சீர்திருத்தத்துக்கு முன் ஸ்காட்லாந்து முழுவதிலும் சேர்த்தே வாக்காளர்கள் 5,000 பேருக்கும் குறைவு. தீவில் உழுது மீன்பிடித்து வாழ்ந்தவர் யாரும் அந்தப் பட்டியலில் கிடையாது.

பண்ணையாரே எம்.பி.யாக இருந்தார் என்பது உண்மையா?

உண்மைதான், அதுவும் ஒரு முறை அல்ல.

லூயிஸ் தீவு சீஃபோர்த் மெக்கன்சிகளின் சொத்தாக இருந்தபோது, அந்தக் குடும்பத்தின் பிரான்சிஸ் ஹம்பர்ஸ்டன் மெக்கன்சி 1784-இல் ராஸ் மாவட்டத்தின் எம்.பி. ஆனார். (இந்தக் காலத்து ஸ்டோர்னோவே நமக்கு முற்றிலும் அந்நியமான ஊர் அல்ல. அங்கே பிறந்து, அங்கேயே சுங்க அலுவலராக இருந்துவிட்டு 1783-இல் மதராஸ் வந்து இறங்கியவர்தான் காலின் மெக்கன்சி. இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல். சென்னையின் அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இன்றும் இருக்கும் மெக்கன்சி சுவடிகளைத் திரட்டியவர்.)

1844-இல் ஜேம்ஸ் மேத்சன் என்பவர் லூயிஸ் தீவை முழுசாக 1,90,000 பவுண்டுக்கு வாங்கினார். ஜார்டின் மேத்சன் நிறுவனத்தின் பங்குதாரர். சீனாவுக்கு அபின் விற்ற வணிகத்தில் செல்வந்தரானவர். 1847 முதல் 1868 வரை ராஸ் அண்ட் குரோமார்ட்டியின் எம்.பி.யும் அவரே. அவர் விலகியதும் அதே இடத்துக்கு வந்தவர் அவருடைய உறவினர் அலெக்சாண்டர் மேத்சன். 1884 வரை அவர் இருந்தார். கணக்குப் போட்டால் 37 வருடம் ஒரே குடும்பம். அப்போதைய வாக்களிப்பு 1872 வரை பகிரங்கமானது: யாருக்கு ஓட்டு என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். ஓட்டு இருந்த சிலருக்கும் பண்ணையாரை எதிர்ப்பது எவ்வளவு எளிது என்று நினைத்துப் பாருங்கள்.

மேத்சன் கொடுமைக்காரர் அல்ல என்று வாதிடுகிறவர்கள் உண்டு. 1846-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அவர் செலவழித்தது உண்மை. அதற்கு அப்புறம், குத்தகை பாக்கி வைத்த குடும்பங்களைக் கப்பலேற்றிக் கனடாவுக்கு அனுப்பியதும் உண்மை. தெற்கே நிலைமை இன்னும் கொடூரம். தெற்கு யூயிஸ்டையும் பாராவையும் வைத்திருந்த ஜான் கார்டன், 1851-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கப்பலேற்றினார். ஏற மறுத்தவர்களைத் துரத்திப் பிடித்துக் கட்டி ஏற்றியதாக அந்தக் காலத்து சாட்சியங்கள் சொல்கின்றன.

கிராஃப்டர்கள் என்றால் யார்? அவர்களுக்கு ஓட்டு எப்போது வந்தது?

பண்ணையாரின் நிலத்தில் சில ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்து, உருளைக்கிழங்கும் ஓட்ஸும் போட்டு, ஊர்ப் பொது மேய்ச்சலில் ஆடுமாடு விட்டு, மற்ற நாட்களில் கடலுக்குப் போகும் குடும்பத்தைத்தான் கிராஃப்டர் என்பார்கள். வீட்டைக் கட்டியவரும் அவரே, பாறை நிலத்தைப் பண்படுத்தியவரும் அவரே. ஆனால் பண்ணையின் காரியஸ்தர் காலி செய்யச் சொன்னால் கிளம்ப வேண்டியதுதான், ஒரு காசு நஷ்டஈடு கிடையாது.

எதிர்ப்பு 1874-இல் லூயிஸின் பெர்னெரா தீவில் தொடங்கியது. மேய்ச்சல் நிலத்தைப் பறிக்க வந்த நோட்டீசை அங்கிருந்தவர்கள் ஏற்கவில்லை. வழக்கு ஸ்டோர்னோவே நீதிமன்றத்துக்குப் போனது, குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலை ஆனார்கள். மேட்டுநிலப் பகுதிகளில் கிராஃப்டர்கள் சட்டப்படி பெற்ற முதல் வெற்றி என்று இதைச் சொல்வது வழக்கம். 1882-இல் பக்கத்துத் தீவான ஸ்கையில் பெரிய மோதல். அதன் பிறகுதான் அரசு நேப்பியர் கமிஷனை அமைத்தது. அது 1883-இல் தீவு தீவாகப் போய், கிராஃப்டர்களின் வாக்குமூலங்களை அவர்கள் வாயாலேயே கேட்டுப் பதிவு செய்தது.

1884-இல் வந்த சட்டம் மாவட்டத் தொகுதிகளில் குடும்பத் தலைவரான ஆண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தது. எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது அந்தச் சட்டம்தான். அடுத்த ஆண்டே, 1885 தேர்தலில், கிராஃப்டர் வேட்பாளர்கள் ராஸ் அண்ட் குரோமார்ட்டி, இன்வர்னஸ், ஆர்கைல், கேத்னஸ் ஆகிய மாவட்டங்களைப் பிடித்தார்கள். ராஸில் வென்றவர் ஸ்கை தீவுக்காரரான டாக்டர் ரோடரிக் மக்டொனால்ட். லண்டனில் மரண விசாரணை அதிகாரியாகவும் இருந்தவர். 1888-இல் 'ஜாக் தி ரிப்பர்' கொலைகளில் மேரி கெல்லி மரணத்தின் விசாரணையை நடத்தியவரும் இவரே. இன்வர்னஸில் வென்ற சார்லஸ் ஃபிரேசர்-மெக்கின்டாஷ், நேப்பியர் கமிஷனின் உறுப்பினராகவே இருந்தவர். இயக்கத்தின் முழக்கம், 'பண்ணையாரைவிட மக்களே வலியவர்' என்பது.

37 வருடம் பண்ணையார் குடும்பம் உட்கார்ந்த இடத்தில், அவர்கள் விலகிய அடுத்த வருடமே குத்தகைக்காரர்களின் ஆள். ஓட்டு எதைச் செய்ய முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக அழகான சான்றுகளில் ஒன்று இது.

1886 சட்டத்தோடு பிரச்சினை தீர்ந்ததா?

பாதி தீர்ந்தது. 1886 கிராஃப்டர் சட்டம் வெளியேற்றத்திலிருந்து பாதுகாப்பு தந்தது, நியாயமான குத்தகையை நிர்ணயிக்கத் தனி ஆணையம் வைத்தது, நிலத்தில் போட்ட உழைப்புக்கு நஷ்டஈடு தந்தது. ஆனால் ஏற்கெனவே பறித்த நிலம் திரும்பி வரவில்லை. நிலமே இல்லாத கூலிக் குடும்பங்களுக்கு அதில் எதுவும் இல்லை.

ஆகவே நிலத்துக்குள் புகுவது தொடர்ந்தது. 1887 நவம்பரில் லூயிஸின் பார்க் பகுதியில், பண்ணையின் மான் வேட்டைக் காட்டுக்குள் பசித்த மனிதர்கள் கூட்டமாகப் போய் மான்களைச் சுட்டுத் தின்றார்கள். எடின்பரோவில் நடந்த கலவர வழக்கில் அவர்கள் விடுதலை ஆனார்கள். பாராவுக்குத் தெற்கே உள்ள வேட்டர்சே தீவில் குடிசை போட்டவர்களை 1908-இல் சிறையில் அடைத்தார்கள். நாடு முழுக்க எழுந்த எதிர்ப்பில் அவர்கள் சீக்கிரமே வெளியே வந்தார்கள், அடுத்த ஆண்டு அரசே அந்தத் தீவை விலைக்கு வாங்கிக் கிராஃப்ட்களாக, அதாவது சிறு குத்தகை நிலங்களாக, பிரித்தது. வழக்குப் போட்ட நிலச்சொந்தக்காரி லேடி கார்டன் கேத்கார்ட், 1851-இல் ஆட்களைக் கப்பலேற்றிய ஜான் கார்டனின் மருமகள்.

1918-இல் எப்படித் தனித் தொகுதி ஆனது?

அந்த ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் ஓட்டுரிமையைப் பெருக்கியதோடு தொகுதிகளையும் திருத்தி வரைந்தது. ராஸிலிருந்து லூயிஸையும், இன்வர்னஸிலிருந்து ஹாரிஸ் முதல் பாரா வரையும் எடுத்து 'மேற்குத் தீவுகள்' என்ற ஒரே தொகுதி ஆக்கினார்கள். 21 வயதான ஆண்கள் அனைவருக்கும், 30 வயது கடந்த, சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்கும் ஓட்டு.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. உள்ளாட்சி நிர்வாகத்தில் இந்தத் தீவுகள் ஒன்றுசேர்ந்தது 1975-இல்தான். அதற்கு 57 ஆண்டுகள் முன்பே நாடாளுமன்ற வரைபடம் அவற்றைச் சேர்த்துவிட்டது. 'நாம் ஒரே தீவுக்கூட்டம்' என்ற எண்ணத்துக்கு முதல் அரசாங்க வடிவம் தந்தது இந்தத் தொகுதி.

முதல் தேர்தல் 1918 டிசம்பர் 14. போர்முனையில் இருந்தவர்களின் ஓட்டு வந்து சேர வேண்டியிருந்ததால் முடிவு டிசம்பர் 28-இல் வந்தது. லிபரல் கட்சியின் டாக்டர் டொனால்ட் முர்ரே வென்றார். நான்கு நாள் கழித்து, 1919 ஜனவரி முதல் தேதி அதிகாலையில், போர் முடிந்து ஊர் திரும்பிய கடற்படை வீரர்களைச் சுமந்துவந்த 'அயோலேர்' என்ற கப்பல் ஸ்டோர்னோவே துறைமுக வாயிலிலேயே பாறையில் மோதி மூழ்கியது. கப்பலில் இருந்த சுமார் 280 பேரில் 201 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் லூயிஸ், ஹாரிஸ் ஆட்கள். தங்கள் வீட்டுக்கு எட்டும் தூரத்தில் இறந்தார்கள். லூயிஸில் சாவு விழாத ஊர் இல்லை. புதிய தொகுதியின் பிரதிநிதி தன் பதவியைத் தொடங்கியது இந்தத் துக்கத்துக்கு நடுவில்.

லீவர்ஹியூம் பிரபுவின் பெயர் ஏன் இவ்வளவு அடிபடுகிறது?

சன்லைட் சோப்பு நம் ஊரிலும் பழகிய பெயர். அந்தச் சோப்பை விற்றுச் சம்பாதித்த வில்லியம் லீவர்தான் லீவர்ஹியூம் பிரபு. அவர் 1918-இல் மேத்சன் வாரிசிடமிருந்து லூயிஸையும், அடுத்த ஆண்டு ஹாரிஸையும் வாங்கினார். ஸ்டோர்னோவேயைப் பெரிய மீன்பதன நகரமாக்குவது அவருடைய திட்டம். பிரிட்டன் முழுக்க மீன் கடைகளையும் வாங்கிச் சேர்த்தார்.

போருக்குப் போன ஆட்களுக்கோ நிலம் தருவதாக அரசு வாக்களித்திருந்தது. திரும்பி வந்தவர்கள் கேட்டது தொழிற்சாலைச் சம்பளத்தை அல்ல, கிராஃப்டை. கால், கிரெஸ் என்ற இடங்களில் பண்ணை நிலத்துக்குள் புகுந்து அளந்து பிரித்துக்கொண்டார்கள். லீவர்ஹியூம் நல்ல நோக்கத்தோடு வந்தவர் என்றே நினைக்கிறேன். ஆனால் நான்கு தலைமுறையாக 'வெளியே போ' என்று கேட்டவர்களுக்கு, சொந்தமாக நான்கு ஏக்கர் என்பது வெறும் வருமானக் கணக்கு இல்லை. அதை அவர் கடைசிவரை புரிந்துகொள்ளவில்லை.

வணிகம் சரிந்ததும் 1923-இல் விலகினார். போகும்போது நிலத்தை மக்களுக்கே இலவசமாகத் தர முன்வந்தார். ஸ்டோர்னோவே வட்டாரம் ஏற்றுக்கொண்டது. அப்படிப் பிறந்த ஸ்டோர்னோவே டிரஸ்ட்டின் நிர்வாகிகளை அந்த வட்டார மக்கள் இன்றும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். மற்ற இடங்கள் வரிச் சுமைக்கு அஞ்சி வேண்டாம் என்றன. அதே 1923 ஏப்ரலில் ஸ்டோர்னோவேயிலிருந்து 'மெட்டகாமா' என்ற கப்பல் சுமார் 300 பேரைக் கனடாவுக்கு ஏற்றிச் சென்றது. ஏறக்குறைய எல்லாரும் இளவட்டங்கள்.

1918 முதல் 1935 வரை யார் யார் எம்.பி.?

முர்ரே 1922-இல் கப்பல் வணிகக் குடும்பத்து வில்லியம் கோட்ஸிடம் தோற்றார். 1923-இல் அலெக்சாண்டர் லிவிங்ஸ்டன், 1929-இல் டி.பி.டபிள்யூ. ராம்சே. நால்வரும் லிபரல் கட்சியின் ஏதோ ஒரு பிரிவு. இந்தத் தொகுதியைச் சேர்ந்த செயின்ட் கில்டா தீவின் கடைசி 36 பேர் தாங்களே விண்ணப்பம் கொடுத்து 1930 ஆகஸ்ட் 29-இல் ஊரைக் காலி செய்தது ராம்சே காலத்தில்.

லேபர் கட்சி எப்படி நுழைந்தது?

1935-இல் 22 வயது மால்கம் மக்மில்லன் வழியாக. அப்போது சபையிலேயே மிக இளையவர் அவர். லூயிஸ் பத்திரிகையாளர், தீவுகளின் பழைய மொழியான கேலிக் பேசுகிறவர். அந்தத் தேர்தலில் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியின் முதல் தலைவர் சர் அலெக்சாண்டர் மக்யூவனும் இங்கே நின்று, நான்கில் ஒரு பங்குக்கு மேல் ஓட்டு வாங்கி மூன்றாவதாக வந்தார். கட்சி பிறந்து ஒரே வருடம் ஆகியிருந்தது.

மக்மில்லன் 35 ஆண்டு நீடித்தார். அத்தனை காலம் இருந்தும் அமைச்சர் பதவி வரவில்லை.

1970-இல் அப்படி என்ன நடந்தது?

ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி 1967-இல் ஹாமில்டன் இடைத்தேர்தலில் வென்று பெரிய பரபரப்பை உண்டாக்கியிருந்தது. 1970 பொதுத்தேர்தலில் அந்த ஹாமில்டன் கை நழுவியது, நாடெங்கும் கட்சிக்குத் தோல்வி. மேற்குத் தீவுகளில் மட்டும் டொனால்ட் ஸ்டூவர்ட் 726 வாக்கு வித்தியாசத்தில் மக்மில்லனைத் தோற்கடித்தார். பொதுத்தேர்தல் ஒன்றில் அந்தக் கட்சி வென்ற முதல் இடம் இதுதான்.

ஸ்டூவர்ட் ஸ்டோர்னோவே நகரத் தலைவராக இருந்தவர், ஹாரிஸ் ட்வீட் துணி நிறுவனத்தில் வேலை பார்த்தவர், ஊருக்கே தெரிந்த முகம். நிதானமாகப் பேசுகிற, பைப் புகைக்கிற மனிதர். 1974 அக்டோபரில் கட்சி 11 இடம் பிடித்தபோது சபையில் அதன் தலைவர் அவர்தான். 1979 மார்ச் 28-இல் லேபர் பிரதமர் கல்லகனின் அரசு 311-க்கு 310 என்று ஒரே ஓட்டில் கவிழ்ந்தபோது, அந்தப் பதினொருவரும் அரசுக்கு எதிராக வாக்களித்தார்கள். தொடர்ந்து வந்த தேர்தலில் பதினொன்று இரண்டாகச் சுருங்கியது. தப்பிய இருவரில் ஸ்டூவர்ட் ஒருவர். எடின்பரோவிலோ கிளாஸ்கோவிலோ வேர் பிடிக்காத காலத்தில் ஒரு கட்சியைச் சபையில் உயிரோடு வைத்திருந்தது இந்தத் தீவுகள்தான். ஸ்காட்லாந்து சுதந்திர அரசியலைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைப் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள், அது சரியில்லை.

பொதுவாக்கெடுப்புகளில் தீவுகள் எப்படி வாக்களித்தன?

1975-இல் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் நீடிக்கலாமா என்று கேட்டபோது பிரிட்டன் முழுவதிலும் 'வேண்டாம்' என்று சொன்னவை இரண்டே பகுதிகள்: மேற்குத் தீவுகளும் ஷெட்லாந்தும். மேற்குத் தீவுகளில் 70 சதவீதத்துக்கும் மேல் எதிர்ப்பு. மீன்பிடி உரிமை பறிபோகும் என்ற அச்சமும், தொலைதூர அதிகாரத்தின் மீதான பழைய சந்தேகமும் காரணங்கள். 2016-இல் அதே தீவுகள் 55 சதவீதம் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கவே வாக்களித்தன. இடைப்பட்ட நாற்பது ஆண்டில் சாலைக்கும் தீவுகளை இணைக்கும் கடற்பாதைக்கும் ஐரோப்பிய நிதி வந்திருந்தது. 2014 சுதந்திர வாக்கெடுப்பில், தேசியக் கட்சி எம்.பி. இருந்தும், 53 சதவீதம் 'வேண்டாம்' என்றது.

அப்படியென்றால் இங்கே கட்சிக்கு ஓட்டா, ஆளுக்கு ஓட்டா?

ஆளுக்குத்தான் அதிகம் என்பது என் முடிவு. 1935 முதல் 2024 வரை, 89 ஆண்டுகளில், நான்கே பேர்தான் எம்.பி.: மக்மில்லன், ஸ்டூவர்ட், லேபர் கட்சியின் கேலம் மக்டொனால்ட், தேசியக் கட்சியின் ஆங்கஸ் மக்நீல். ஒருவர் வந்தால் குறைந்தது 17 வருடம். ஸ்டூவர்ட் ஓய்வுபெற்ற 1987-இலேயே இடம் லேபருக்குப் போனது. கட்சியின் கோட்டை என்றால் அப்படி நடக்காது. தீவு கவுன்சிலிலும் உறுப்பினர்களில் பெரும்பாலானவர்கள் சுயேச்சைகளே. 1918 முதல் கன்சர்வேட்டிவ் கட்சி மட்டும் இங்கே ஒருமுறைகூட வென்றதில்லை. பண்ணையார் காலத்து நினைவுக்கு இதில் பங்கு உண்டு.

மதத்தின் பங்கு என்ன?

லூயிஸ், ஹாரிஸ், வடக்கு யூயிஸ்ட் கடுமையான பிரெஸ்பிடேரியன் (புராட்டஸ்டன்ட்) மரபு. தெற்கு யூயிஸ்டும் பாராவும் கத்தோலிக்கம். ஞாயிறு ஓய்வுநாள் என்ற கட்டுப்பாட்டால் லூயிஸிலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் படகு 2009 ஜூலையில்தான் ஓடத் தொடங்கியது, அதுவும் பலத்த எதிர்ப்போடு. ஆனாலும் தேர்தல் மதக் கோட்டின்படி பிளந்ததாகச் சொல்ல முடியாது. பாராவின் கத்தோலிக்கரான மக்நீல் முதல் வெற்றிக்குப் பிறகு நான்கு தேர்தல்களில் மீண்டும் வென்றார், லூயிஸ் ஓட்டில்லாமல் அது நடந்திருக்காது.

2005-க்குப் பிறகு?

அந்த ஆண்டு தொகுதியின் அதிகாரப்பூர்வப் பெயர் 'நா ஹெலனன் அன் இயர்' என்று கேலிக் மொழிக்கு மாறியது. பொருள் அதே மேற்குத் தீவுகள். அந்தத் தேர்தலில் வென்ற மக்நீல் 2006-இல், நன்கொடைக்குப் பிரபுப் பட்டம் விற்கப்படுகிறதா என்று லண்டன் போலீசிடம் புகார் கொடுத்து நாடறிந்தவர் ஆனார். கடைசியில் யார் மீதும் வழக்குத் தொடரப்படவில்லை. 2023-இல் தன் கட்சியோடு மோதி நீக்கப்பட்டார். 2024-இல் சுயேச்சையாக நின்று மூன்றாமிடம். பத்திரிகையாளரான லூயிஸ்காரர் டார்குவில் கிரைட்டன் லேபருக்காக வென்றார்.

21,000 பேருக்கு ஒரு எம்.பி. என்பது நியாயமா?

இந்தக் கேள்வியில் எனக்கு நடுநிலை இல்லை. நியாயம்தான் என்கிறேன்.

எதிர்வாதம் வலுவானது, மறைக்க வேண்டாம். இப்போதைய விதிப்படி ஒரு சராசரித் தொகுதிக்கு 73,000 வாக்காளர்கள், அதிலிருந்து ஐந்து சதவீதம்தான் கூடவோ குறையவோ செய்யலாம். அந்தக் கணக்கில் தீவில் ஒரு ஓட்டு மற்ற இடத்தின் மூன்று ஓட்டுக்கு மேல் மதிப்பு. அதனால்தான் 2011 சட்டம் இந்தத் தொகுதியையும் ஆர்க்னி-ஷெட்லாந்தையும் பெயர் சொல்லிப் பாதுகாத்தது. வைட் தீவுக்கு இரண்டு இடம் என்றும், 2020-இல் வேல்ஸின் அங்கில்சிக்கும் அதே பாதுகாப்பு என்றும் சேர்ந்து, இன்று ஐந்து இடங்கள் விதிவிலக்கு.

சரி, தலை எண்ணியே பிரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கடலுக்கு அந்தப் பக்கம் 50,000 பேரைச் சேர்த்திருப்பார்கள். 1918-க்கு முந்திய நிலைமை அப்படியே திரும்பும். ஒரு மாவட்டத்தின் வாலாக இருந்தபோது இந்த மக்களுக்கு என்ன கிடைத்தது என்பதை மேலே பார்த்தோம். இந்தியாவும் இதே முடிவைத்தான் எடுத்தது: லட்சத்தீவில் 60,000-க்கும் குறைவான வாக்காளர்கள், ஆனாலும் தனி மக்களவைத் தொகுதி.

நிலம் இன்று யாரிடம் இருக்கிறது?

பெரும்பகுதி மக்களிடம். 2003-இல் வடக்கு ஹாரிஸ், 2006-இல் தெற்கு யூயிஸ்டும் அதைச் சுற்றிய தீவுகளும் (93,000 ஏக்கர்), 2007-இல் லூயிஸின் கால்சன் என்று பண்ணை பண்ணையாகச் சமூக அறக்கட்டளைகள் விலைக்கு வாங்கின. ஸ்காட்டிஷ் நாடாளுமன்றத்தின் 2003 நிலச் சீர்திருத்தச் சட்டம் கிராஃப்டர் சமூகங்களுக்கு வாங்கும் உரிமையையே தந்தது. தீவு மக்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இப்போது சமூக நிலத்தில் வாழ்கிறார்கள். பிரிட்டனில் வேறெந்தத் தொகுதியிலும் இப்படிக் கிடையாது. ஜான் கார்டன் ஆட்களை விரட்டிய தெற்கு யூயிஸ்டில் இன்று குத்தகை வசூலிப்பது அந்த ஊர் மக்கள் தேர்ந்தெடுத்த குழு. எம்.பி. பதவியை இழந்த பிறகு கேலம் மக்டொனால்ட், லூயிஸில் மூன்று காற்றாலைகள் கொண்ட சமூக மின்நிலையத்தை உருவாக்க உழைத்தார். அதன் லாபம் ஊருக்கே போகிறது.

யாருமே வாழாத ஒரு பாறை இந்தத் தொகுதியில் இருக்கிறதாமே?

ராக்கால். அட்லாண்டிக்கில் வெகு தொலைவில் நிற்கும் ஒற்றைப் பாறை. 1972-இல் தனிச் சட்டம் போட்டு அதை ஹாரிஸ் வட்டாரத்தோடு சேர்த்தார்கள்.

ஸ்காட்டிஷ் நாடாளுமன்றத்திலும் இதே தொகுதிதானா?

ஆம், 1999 முதல் இதே தீவுகள் எடின்பரோவுக்கும் ஒரு உறுப்பினரை அனுப்புகின்றன. அங்கும் இதன் எல்லைக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. முதலில் லேபரின் அலஸ்டேர் மாரிசன், 2007-இல் அவரை வென்று வந்தவர் தேசியக் கட்சியின் அலஸ்டேர் ஆலன். நிலம், மொழி, மீன்பிடி, படகுப் போக்குவரத்து எல்லாம் இப்போது எடின்பரோவின் அதிகாரத்தில் வருகின்றன. அதனால் ஒரு குடும்பத்துக்கு அன்றாடம் உறைக்கிற விஷயங்களில் லண்டன் எம்.பி.யைவிட எடின்பரோ உறுப்பினரைத்தான் முதலில் பிடிக்கிறார்கள்.

இப்போது தேர்தலில் எதைப் பேசுகிறார்கள்?

படகு. பழைய கப்பல்கள் பழுதாகின்றன, புதியவை வருடக்கணக்கில் தாமதம். 2023 ஜூன் மாதம் தெற்கு யூயிஸ்டின் லாக்பாய்ஸ்டேல் துறைக்குப் படகே இல்லை. ஊர் மக்கள் வண்டிகளோடு துறையில் திரண்டு போராடினார்கள். கடை, விடுதி, நண்டு ஏற்றுமதி எல்லாம் அந்தப் படகை நம்பித்தான். அதற்கு அடுத்து வீடு: விடுமுறை வீடாக வெளியூர்க்காரர் வாங்கும் விலையில் உள்ளூர் இளைஞர் வாங்க முடியவில்லை. அப்புறம் கேலிக் மொழி, பள்ளியில் வளர்ந்தாலும் வீட்டுப் பேச்சில் குறைந்துவருகிறது. கடைசியாகக் காற்றாலைகள்: பெரிய நிறுவனங்களின் திட்டங்களில் ஊருக்கு எவ்வளவு பங்கு, யாருடைய மேய்ச்சல் நிலத்தில் கோபுரம் என்ற பேரம் லூயிஸில் இப்போது நடந்துகொண்டிருக்கிறது.